கடிவாளம் போடாத குதிரை

குதிரை அசையவில்லை.

விமலநாதன் ஒரு கையால் கயிற்றை இழுத்தார். பிறகு இரண்டு கையாலும் இழுத்தார். பிறகு காலை மண்ணில் ஊன்றிப் பின்பக்கமாகச் சரிந்து இழுத்தார். கஸ்தோன் என்ற அந்தச் செம்பழுப்புக் குதிரை அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு ஒரு பின்னங்காலைத் தளர்த்திக்கொண்டு நித்திரைக்கு ஆயத்தமானது.

"நட எண்டால் நடக்க வேணும்," என்று கத்தினார் விமலநாதன்.

"பிரெஞ்சிலை சொல்லிப் பாருங்கோவன். அது இஞ்சத்தைக் குதிரையெல்லோ," என்றாள் வேலிக்கு அப்பால் நின்ற அவர் மனைவி யோகராணி.

"மார்ஷ்," என்று இன்னும் பெரிதாகக் கத்தினார்.

பக்கத்துப் பண்ணையில் படுத்திருந்த மாடுகள் எழும்பி நடந்தன. கஸ்தோன் நின்ற இடத்திலேயே நின்றது.

மகள் வினோஜாவின் கலியாணத்துக்கு இன்னும் சில கிழமைகளே இருந்தன. மாப்பிள்ளை மதுஷன் குதிரையில்தான் வந்து இறங்குவார் என்று விமலநாதன் குடும்ப வாட்ஸப் குழுவில் அறிவித்துவிட்டார். அந்தக் குழுவில் லண்டன் இருந்தது, பாரிஸ் இருந்தது, ரொறன்ரோவில் அவர் யாரோடெல்லாம் கோபமோ அவர்கள் எல்லோரும் இருந்தார்கள். இனிப் பின்வாங்க முடியாது.

குதிரைக்கும் அவருக்கும் அதுவரை எந்தத் தொடர்பும் இருந்ததில்லை. அவர் மொன்றியலின் சென்ட் லோரன்ட் பகுதியில் ஒரு பொதிக் களஞ்சியத்தில் மேற்பார்வையாளர். பொதிகளை நகர்த்தும் இயந்திரங்களின் இரைச்சலுக்கு மேலாகக் கத்திக் கத்தியே பதவி உயர்ந்தவர். ரொக்ஸ்பரோவில் இருக்கும் அவருடைய வீட்டில் அப்படி எந்த இயந்திரமும் இல்லை என்பதை ஒருவரும் அவருக்கு எடுத்துச் சொல்லவில்லை. சொல்ல முயன்றவர்களின் குரல் அவர் குரலுக்கு மேலே எழும்பவில்லை.

போன இலையுதிர் காலத்தில் வினோஜாவின் எழுத்து நடந்தது. பதிவுக்காரர் முன்னால் பெண்ணும் மாப்பிள்ளையும் கையெழுத்து வைக்கிற நேரம், படப்பிடிப்பாளர் குறுக்கே வந்து நின்றார். விமலநாதன் போட்ட சத்தத்தில் சம்பந்தி அருமைராசா கேசரியைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பி நின்றார். வினோஜா குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதாள். வெளியே வந்ததும் அவள் ஒன்றுதான் கேட்டாள்.

"கலியாணத்துக்கு எனக்கு நகையும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம் அப்பா. அண்டைக்கு ஒரு நாள் சத்தம் போடாமல் இருங்கோ. அது காணும்."

"நான் எங்கை சத்தம் போட்டனான்?" என்று அவர் மண்டபத்துக்கே கேட்கும்படி கேட்டார்.

ஆனால் அது அவரைச் சுட்டது. மகளுக்கு வாழ்நாளில் மறக்க முடியாத ஒன்றைச் செய்து அந்த நாளை ஈடுகட்ட வேண்டும் என்று குளிர்காலம் முழுவதும் யோசித்தார். யோசனை வசந்த காலத்தில்தான் வந்தது, அதுவும் யோகராணியின் கைபேசியிலிருந்து. கொஞ்சக் காலமாக அவள் சமையல் வீடியோக்களை விட்டுவிட்டுக் குதிரை வீடியோக்கள் பார்க்கத் தொடங்கியிருந்தாள். பாவம், நேரம் போகவில்லை என்று நினைத்திருந்தார். ஒருநாள் எட்டிப் பார்த்தபோது ஒரு பெண்ணுக்குப் பின்னால் ஒரு குதிரை சாதுவாக நடந்து போனது.

"எங்கடை மாப்பிள்ளையும் உப்பிடிக் குதிரையிலை வந்தால் என்ன?" என்றார்.

யோகராணியின் கையிலிருந்து கைபேசி நழுவி மடியில் விழுந்தது.

"குதிரையிலையோ?" என்றாள். அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "சரி. உங்கடை விருப்பம்," என்றாள்.

அதுவும் புதிது. முன்பென்றால் அந்தப் பேச்சு இரவுச் சாப்பாடு வரைக்கும் சண்டையாக நீண்டிருக்கும். கொஞ்சக் காலமாக அவள் மாறித்தான் போயிருந்தாள். "இஞ்சரும், தேத்தண்ணி," என்று அவர் சோபாவிலிருந்து கத்தினால் பதிலே வருவதில்லை. அடுப்படிக்குப் போய்ப் பார்த்தால் முதுகைக் காட்டிக்கொண்டு ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு நிற்பாள். ஒருவேளை காது கேட்கவில்லையோ என்று பயந்து, "இஞ்சரும், ஒரு தேத்தண்ணி தாறீரோ?" என்று மெல்லக் கேட்டால் அந்தக் கணமே திரும்பிச் சிரிப்பாள். தேநீர் வரும். கூடவே சூடாகப் பருத்தித்துறை வடையும் வரும்.

வயது போகப் போகப் பெண்களுக்குக் கனிவு கூடுகிறது என்று விமலநாதன் முடிவு செய்திருந்தார்.

குதிரை வாடகைக்கு விடுகிற இடங்களுக்கு அவரே தொலைபேசி எடுத்தார். அவர்கள் வேண்டிய விவரம் சொல்ல முதல் அவர் தன் விவரங்களைத் தனக்கேயுரிய குரலில் சொன்னார். ஒன்றன் பின் ஒன்றாக இணைப்பைத் துண்டித்தார்கள். கடைசியில் அகப்பட்டவர்தான் சென் லசார் பக்கம் பண்ணை வைத்திருக்கும் முசியூ லூக். காது அவ்வளவாகக் கேட்காதவர் என்பதால் இருவருக்கும் ஒத்துப்போனது.

கஸ்தோன் ஒரு காலத்தில் பழைய மொன்றியலில் உல்லாசப் பயணிகளை ஏற்றி வண்டி இழுத்த குதிரை. நகரில் குதிரை வண்டிகளை நிறுத்திய பிறகு ஓய்வாக நிற்கிறது. கலியாணம் முடியும்வரை இரவலாகத் தரலாம், ஆனால் ஒரு நிபந்தனை என்றார் லூக். அது வேலை செய்து களைத்த குதிரை. இனி அதற்கு எல்லாம் இயற்கை முறை. காலில் லாடம் இல்லை, வாயில் கடிவாளம் இல்லை, சாட்டை இல்லை, தானியம் இல்லை. அதுவரைக்கும் பராமரிப்பு உங்கள் பொறுப்பு. ஏதாவது பிழை நடந்தால் குதிரை பண்ணையை விட்டு வராது.

"இயற்கை முறைக்கு ஆக்களை எங்கை பிடிக்கிறது?" என்று வீட்டுக்கு வந்து தலையில் கை வைத்தார் விமலநாதன். இணையத்தில் தேடினார். கேர்க்லாண்டில் ஓர் இயற்கைப் பொருள் கடை வந்தது. அது மனிதருக்கு விற்றமின் விற்கிற கடை.

"பொறுங்கோ, நான் எடுத்துத் தாறன்," என்றாள் யோகராணி. கேத்தில் தண்ணீர் கொதிக்க முன்னமே குளம்பு சீவுகிறவளின் இலக்கமும் தீன் ஆலோசனை சொல்லுகிறவளின் இலக்கமும் வந்தன.

"உமக்கு இதெல்லாம் எங்காலை?"

"சனிக்கிழமை பிரெஞ்சு வகுப்பிலை தெரிஞ்ச ஆக்கள்."

குளிர்காலத்தில் அவள் ஒரு சனிக்கிழமையும் தவறாமல் பிரெஞ்சு வகுப்புக்குப் போயிருந்தாள். தெருமுனையில் இருக்கும் தெப்பனேர்க் கடையில் இன்னமும் 'பொன்ஜூர்', 'மெர்சி' இரண்டையும் தாண்டி ஒரு சொல் வரவில்லை. ஆனாலும் வகுப்புக்குப் போனதில் இவ்வளவாவது பிரயோசனம் இருந்ததே என்று திருப்திப்பட்டார்.

குளம்பு சீவுகிறவள் வந்தாள். லாடம் இல்லாத குளம்பு புல்லில் நன்றாக நடக்கும், மண்டபத்து வாகனத் தரிப்பிடத்தின் தாரிலும் சரளைக் கல்லிலும் கூசும் என்றாள். அதற்கென்று குதிரைச் சப்பாத்து இருக்கிறதாம். கஸ்தோனின் அளவுக்கு ஊதா நிறத்தில் மட்டும்தான் இருந்தது. நான்கு ஊதாச் சப்பாத்தையும் போட்டுக்கொண்ட கஸ்தோன், அரங்கேற்றத்துக்கு வந்த பிள்ளை மாதிரி ஒவ்வொரு காலையும் நெஞ்சு மட்டத்துக்குத் தூக்கி வைத்தது. இரண்டு அடி வைத்துவிட்டு அதையும் நிறுத்திக்கொண்டது.

"பழகத்தானே வேணும். கொஞ்சம் செல்லம் குடுப்பம்," என்று விமலநாதன் யோகராணி சுட்டு வைத்திருந்த பயற்றம் பணியாரத்தை அள்ளிக்கொண்டு போனார். கஸ்தோனுக்கு அது மிகவும் பிடித்துப்போனது. மறுநாள் அதன் வயிறு ஊதிவிட்டது.

தீன் ஆலோசனை சொல்லுகிறவள் ஓடி வந்தாள். வைக்கோலும் தண்ணீரும் தவிர வேறு ஒன்றும் வாயில் வைக்கக் கூடாது என்றாள். போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னாள். மற்றக் குதிரைகளைக் கோடை மேய்ச்சலுக்கு அனுப்பிவிட்டதால் கஸ்தோன் தனியாக நிற்கிறது. தனியாக நிற்கிற குதிரைக்கு மனம் சரியிருக்காது, துணைக்கு ஒன்று வேண்டும்.

துணைக்கு ஜோசெத் வந்தது. ஜோசெத் ஒரு வெள்ளை ஆடு.

இரண்டும் பார்த்த உடனேயே ஒட்டிக்கொண்டன. கஸ்தோனின் மனம் சரியாகிவிட்டது. ஆனால் இப்போது ஜோசெத் இல்லாமல் அது ஓர் அடியும் எடுத்து வைக்க மறுத்தது. ஆகவே மாப்பிள்ளை குதிரையில் வருவதென்றால் ஆடும் வர வேண்டும்.

செய்தி அன்று பின்னேரமே சம்பந்தியின் காதுக்குப் போய்விட்டது.

"விமலநாதன், கலியாணத்துக்கு ஆடு பிடிச்சு வைச்சிருக்கிறியளாம்," என்று தொலைபேசியில் இழுத்தார் அருமைராசா. "எங்கடை பக்கத்திலை கலியாண வீட்டிலை மச்சம், இறைச்சி ஒண்டும் காச்சிறதில்லை."

"ஐயோ, அது காச்சிறதுக்கில்லை. குதிரைக்குத் துணைக்கு."



"குதிரைக்குத் துணைக்கு ஆடோ?"

"ஓம்."

"அப்ப ஆட்டுக்குத் துணைக்கு ஆர்?"

அவ்வளவுதான். விமலநாதன் போட்ட சத்தத்துக்குத் தொலைபேசியே தேவைப்பட்டிருக்காது. அருமைராசா குடும்பமும் ரொக்ஸ்பரோவில்தான், நாலு தெரு தள்ளி. ஆடு வந்தால் தான் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு அவர் தொலைபேசியை வைத்தார். மாடிப்படியில் வினோஜா நின்றுகொண்டிருந்தாள். திரும்பி மேலே போனாள். அறைக் கதவு பூட்டுகிற சத்தம் கேட்டது.

விமலநாதன் சோபாவில் இருந்துவிட்டார். குதிரைக்காக எடுத்த ஒவ்வொரு முயற்சியும் மகளை இன்னும் கொஞ்சம் தூரமாக்கிக்கொண்டிருந்தது. யோகராணி வந்தாள். அவர் முன்னால் வந்து நிற்கவில்லை, ஏன் கத்தினீர்கள் என்று கேட்கவுமில்லை. பக்கத்தில் வந்து, அவர் பார்த்த திசையையே தானும் பார்த்துக்கொண்டு நின்றாள். அவருடைய மூச்சு இறங்கும்வரை அப்படியே நின்றாள். பிறகு கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் மெல்லச் சொறிந்துவிட்டாள். என்ன காரணமோ, அவருக்குக் கண் சொக்கியது.

"நான் என்ன செய்ய?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

"கடைசியா ஒரு பிள்ளை இருக்கு," என்று தயங்கினாள் யோகராணி. "குதிரை பழக்கிற பிள்ளை. தமிழ்ப் பிள்ளைதான்."

"தமிழ்ப் பிள்ளை இருக்கெண்டால் முதலே சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருக்கலாம்தான்," என்றாள் யோகராணி.

அந்தப் பிள்ளையின் பெயர் ஜென்சி. கேர்க்லாண்டில் வளர்ந்தவள். பல் டொக்டராக வேண்டும் என்று பெற்றோர் ஆசைப்பட, குதிரையின் வாய்க்குள் எதையும் போடக் கூடாது என்று சொல்லுகிற படிப்பைத் தேடிப்போய்ப் படித்தவள். பண்ணைக்கு வந்து இறங்கியதும் அவள் குதிரையைப் பார்க்கவில்லை. விமலநாதனை மேலிருந்து கீழே ஒரு தரம் ஆறுதலாகப் பார்த்தாள்.

"ஓ, இவர்தானோ?" என்றாள்.

"குதிரை அங்கை நிக்குது பிள்ளை," என்று யோகராணி அவசரமாக அவளுடைய கையைப் பிடித்துக் கஸ்தோன் பக்கம் திருப்பினாள்.

விமலநாதன் கயிற்றைப் பிடித்து இழுத்துக் காட்டினார். கஸ்தோன் வழக்கம்போல நின்று காட்டியது.

"முன்னாலை நிண்டு முகத்தைப் பாத்து இழுக்காதேங்கோ அங்கிள். அப்பிடி நிண்டால் 'நில்' எண்டுதான் அதுக்கு விளங்கும். பக்கத்திலை வந்து அது பாக்கிற பக்கத்தைப் பாருங்கோ. மெல்லக் கேளுங்கோ. ஒரு அடி வைச்ச உடனை கயிறைத் தளத்தி விட்டிடுங்கோ. விட்டால்தான் தான் செய்தது சரி எண்டு அதுக்குத் தெரியும்."

"சொல்வழி கேக்காட்டி? ஒரு அதட்டுப் போட வேண்டாமோ?"

"போட்டால் அங்கிளுக்குப் பயம் எண்டு நினைக்கும்."

"எனக்கோ பயம்?"

"குதிரையும் அப்பிடித்தான். பயந்த குதிரைதான் கனைச்சு உதைக்கிறது. பயமில்லாதது ஏன் சத்தம் போடப்போகுது?"

விமலநாதனுக்கு எழுத்து நாள் நினைவுக்கு வந்தது. அன்றைக்கு அவர் பயந்துதான் இருந்தார். ஏதும் குறை வந்துவிடுமோ, சம்பந்தி வீட்டார் ஏதும் சொல்லிவிடுவார்களோ, பிள்ளை போகிற இடத்தில் தலைகுனிய வேண்டி வருமோ என்று காலையிலிருந்தே மண்டபத்தைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். அந்தப் பயம் முழுக்கப் பாவம் அந்தப் படப்பிடிப்பாளரின் தலையில் போய் விழுந்தது.

அவர் கஸ்தோனுக்குப் பக்கத்தில் போய் நின்றார். அது பார்த்த பக்கம் பார்த்தார். மூச்சை மெல்ல விட்டார். "நடப்பமோ ராசா?" என்றார்.

கஸ்தோன் ஊதாச் சப்பாத்துக் காலை எடுத்து வைத்தது. ஜோசெத்தும் கூடவே நடந்தது.

"இப்ப இதிலை சொறிஞ்சு விடுங்கோ," என்று ஜென்சி குதிரையின் கழுத்து முடிந்து முதுகு தொடங்குகிற இடத்தைக் காட்டினாள். "இதுதான் அதுக்கு நல்ல பிள்ளை எண்டு சொல்லுற இடம்."

அவர் சொறிந்தார். கஸ்தோனின் கண் சொக்கியது. அந்த இடம் விமலநாதனுக்கு எங்கேயோ பழக்கமானது போலப் பட்டது. எங்கே என்று யோசிக்க முதல் ஜோசெத் அவருடைய சட்டை நுனியைத் தின்னத் தொடங்கிவிட்டது.

அதன்பிறகு வேலை முடிந்து ஒவ்வொரு பின்னேரமும் பண்ணைக்குப் போனார். குதிரை பழகியது. ஆட்டுப் பிரச்சினை மட்டும் மிச்சம் இருந்தது. ஒருநாள் துணிந்து அருமைராசாவின் வீட்டுக்கே போனார். எதிர்க் கதிரை காலியாக இருந்தும் அதில் இருக்கவில்லை. பக்கத்துக் கதிரையில் இருந்து, அவர் பார்த்துக்கொண்டிருந்த தொலைக்காட்சியையே தானும் பார்த்தார்.

"அண்டைக்கு நான் சத்தம் போட்டது பிழை சம்பந்தி," என்றார் மெல்ல. அதற்கு மேலே ஒன்றும் சொல்லாமல் காத்திருந்தார்.

அருமைராசா ஒரு சண்டைக்கு ஆயத்தமாகத்தான் இருந்தார். எதிரில் ஆளில்லாமல் போனதில் அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் செருமினார்.

"ஆட்டுக்குக் கழுத்திலை ஒரு மாலை போட்டு விட்டால் வடிவாத்தான் இருக்கும், என்ன?" என்றார்.

"வடிவாத்தான் இருக்கும்," என்றார் விமலநாதன். அதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லாமல் எழும்பினார்.

கலியாண நாள் நல்ல வெயில். மண்டபத்துக்கு வெளியே நாதஸ்வரமும் தவிலும் முழங்க, பட்டு வேட்டியும் தலைப்பாகையுமாக மதுஷன் குதிரை மேல் இருந்தான். கடிவாளமில்லாத கஸ்தோனை வெறும் கயிற்றில் பிடித்தபடி விமலநாதன் பக்கத்தில் நடந்தார். மறுபக்கம் மாலை போட்ட ஜோசெத். எல்லோருடைய கைபேசியும் உயர்ந்திருந்தது. லண்டனும் பாரிசும் நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தன. மேல்மாடி ஜன்னலில் மணப்பெண் அலங்காரத்தோடு வினோஜா நின்றாள்.

வாசலுக்குக் கிட்ட வந்தபோது ஜோசெத் தன் கழுத்து மாலையைத் தின்று முடித்திருந்தது. முன்னங்காலை உயர்த்திக் குதிரையில் ஊன்றி எழும்பி, மதுஷனின் மாலையை எட்டி இழுத்தது. அதில் பாதி போய்விட்டது. அந்த அருமையான காட்சியைத் தவறவிட மனமில்லாமல் படப்பிடிப்பாளர் குதிரைக்கு நேர் முன்னால் பாய்ந்து வந்து நின்றார். அதே பழைய படப்பிடிப்பாளர்தான். கஸ்தோன் நின்றது. தவில் நின்றது.

எல்லோரும் விமலநாதனைப் பார்த்தார்கள். அருமைராசா கண்ணை மூடிக்கொண்டார். ஜன்னலில் வினோஜா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

விமலநாதனின் முகம் சிவந்தது. நெஞ்சு புடைத்தது. பிறகு அவர் மூச்சை மெல்ல விட்டார். படப்பிடிப்பாளருக்கு முன்னால் போகாமல் பக்கமாகப் போய் நின்றார்.

"தம்பி," என்றார். "கொஞ்சம் இந்தப் பக்கமா வாறியளோ?"

படப்பிடிப்பாளர் கமராவை இறக்கிக்கொண்டு ஓர் அடி வைத்தார்.

"ஆ, அப்பிடித்தான். நல்லது," என்று அவருடைய கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் மெல்லச் சொறிந்துவிட்டார் விமலநாதன். "ஆராவது ஐயரிட்டைக் கேட்டு வேறை ஒரு மாலை எடுத்துக்கொண்டு வாங்கோ."

மாலை வந்தது. தவில் முழங்கியது. கஸ்தோன் காலை எடுத்து வைத்தது.

தாலி கட்டி முடிந்து காலில் விழுந்து கும்பிட வந்த வினோஜா, கும்பிட மறந்து அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, நீங்கள் சத்தமே போடேல்லை," என்றாள் அழுதுகொண்டு. வாழ்க்கையில் முதல் தடவையாக, விமலநாதன் சத்தம் போட நினைத்திருந்தாலும் குரல் வந்திருக்காது.

சாப்பாட்டுப் பந்தி முடிகிற நேரம் வெளியே வந்தார். ஜென்சி கஸ்தோனையும் ஜோசெத்தையும் வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தாள். தூரத்தில் மண்டப வாசலில் யோகராணி விருந்தினரை வழியனுப்பிக்கொண்டிருந்தாள்.

"பிள்ளை, நீ எனக்குச் செய்தது பெரிய உதவி," என்றார். "வீட்டிலை உன்ரை அன்ரி தனியத்தானே இனி. அவவுக்கும் உந்தக் குதிரை பழக்கிற வேலையைக் கொஞ்சம் சொல்லிக் குடன். பொழுது போகும்."

ஜென்சி வண்டிக் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினாள்.

"அன்ரிக்கோ? அவ குளிர்காலம் முழுக்கச் சனிக்கிழமையிலை என்னட்டை வந்து படிச்சு முடிச்சிட்டா அங்கிள். அப்ப உங்களிட்டைக் குதிரை இருக்கேல்லை. வீட்டிலை ஒண்டு நிக்குது, பெரிசாச் சத்தம் போடும், ஆனால் மனம் தங்கம் எண்டுதான் சொன்னவ."